எட்டாம் வகுப்பு கேட்ட மூன்று கேள்விகள்

ராஜகீழ்ப்பாக்கம்
24.9.2006, ஞாயிறு

அன்புள்ள ஜோவிதா அக்கா,

நலமா? செய்யூரில் கிடைத்த அறைக்கு ஜன்னல் இருக்கிறதா? இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய்ப் பதிமூன்று நாள். ஸ்டாஃப் ரூமில் உங்கள் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. மரியாதையால் அல்ல, ஒரு கால் ஆடுகிறது. நீங்கள் மடித்து வைத்திருந்த அட்டை பெருக்கும்போது போய்விட்டது.

எட்டாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் சேர்த்துவிட்டார்கள். அறுபத்தொரு பேர் ஒரே அறையில். சாலைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் மீடியம் திறந்ததிலிருந்து பிள்ளைகள் குறைகிறார்கள் என்று தெரியும். ஆனால் ஆகஸ்டில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளை விரலால் எண்ணினாரே, அந்த விரல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்ணி முடித்தபோது சமூக அறிவியலில் ஒரு ஆசிரியர் உபரி. நீங்கள் அல்லது நான்.

பணியில் இளையவர்தான் போக வேண்டும். அது நான் என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் அம்மாவுக்காக நீங்கள் எடுத்த நீண்ட விடுப்பால் பழைய வருஷங்கள் கழிந்துவிட்டன, திரும்பிச் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு, ஆகவே நீங்கள்தான் இளையவர் என்று சொன்னீர்கள். பதினோரு வருஷம் இங்கே இருந்தவர் அங்கே. ஆறு வருஷக்காரி இங்கே.

ரூக்சாருக்கு நாலரை மணிப் பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. காது கேளாத பிள்ளையோடு அம்மா கூடவே உட்கார வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் விதி. உட்காருகிறேன். உட்காரும்போதெல்லாம் செய்யூர் பஸ் நினைவுக்கு வருகிறது.

நம் நோட்டை விட வேண்டாம் அக்கா. இடது பக்கம் நீங்கள் பாடம் எழுதுவீர்கள். வலது பக்கம் வகுப்பில் நடந்ததை நான் எழுதுவேன். இனி இடது பக்கத்தைத் தபாலில் அனுப்புங்கள். போனில் பேசினால் போதாதா என்று வீட்டில் ஜலால் கேட்கிறார். போனில் இடது பக்கம் இல்லை.

துஆவில் உங்களை மறக்காத,
ஜெய்னப்


செய்யூர்
8.10.2006

அன்பு ஜெய்னப்,

ஜன்னல் இருக்கிறது. திறந்தால் உப்புக் காற்று. மூடினால் பக்கத்து வீட்டு டி.வி. நான் உப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

உள்ளாட்சித் தேர்தல் வேலை எனக்கும் போட்டிருக்கிறார்கள். உனக்கும் இருக்கும். நோன்போடு பூத்தில் உட்காரப் போகிறாய். விரலுக்கு மை வைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். அதில் அதிகம் பேச வேண்டியதில்லை.

நோட்டை விடுவதாக நானும் இல்லை. பத்தாவது பாடம் இதோடு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம். சட்டத்துக்கு இந்த வாரம்தான் ஒரு வயது. பாடப் புத்தகத்துக்கு அது வந்து சேர இன்னும் நாலு வருஷம் ஆகும். நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

வகுப்பு ஒரே ஒரு மனு எழுத வேண்டும். எதைப் பற்றி என்பதைப் பிள்ளைகள் வாக்களித்து முடிவு செய்யட்டும். விடை உனக்குத் தெரிந்த கேள்வியாக இருக்கக் கூடாது. தெரிந்தால் அது பரீட்சை, மனு அல்ல. மனு உண்மையாகவே தபாலில் போக வேண்டும். முப்பது நாளுக்குள் பதில் வரும். வந்த உறையை வகுப்பில் வைத்து, அவர்கள் கையால் பிரிக்க வேண்டும். நீ முன்னால் படித்துப் பார்க்கக் கூடாது. இந்தக் கடைசி விதியில் பிடிவாதமாக இரு. ஆசிரியர் படித்துவிட்டுக் கொடுக்கிற தகவல் தகவலே அல்ல.

ஆஸ்டின் போன ஞாயிறு மாடம்பாக்கத்திலிருந்து வந்தான். அறையைச் சுற்றிப் பார்த்தான். "உனக்கின்னா பேய் புட்சிகிச்சா?" என்று கேட்டுவிட்டு, வாங்கி வந்த பிளாஸ்டிக் வாளியை வைத்துவிட்டுப் போனான். தம்பிகள் அப்படித்தான்.

உனக்காகவும் ரூக்சாருக்காகவும் ஜெபிக்கும்,
ஜோவிதா


ராஜகீழ்ப்பாக்கம்
5.11.2006

அன்புள்ள அக்கா,

நோன்பும் தேர்தலும் பெருநாளும் ஒரே மாதத்தில் முடிந்தன. மை வேலை கிடைத்தது. உங்கள் யோசனைக்கு நன்றி. அறுநூறு விரல்கள்.

இது வலது பக்கம்.

சட்டத்தைப் படித்துக் காட்டினேன். "குடிமக்கள் அனைவரும்" என்ற இடத்தில் கிட்டு எழுந்தான். "டீச்சர், நாம சிட்டிசனா? ஓட்டு இல்லியே." நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்புத் தலைவி நிகத் சொன்னாள்: "அதுல வயசு போட்டுக்குதா? போடல இல்ல? உக்காரு." அவன் உட்கார்ந்தான். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

மூன்று கேள்விகள் போட்டிக்கு வந்தன. பெண்கள் கழிப்பறைக்குக் கதவு எப்போது? வாசலில் தோண்டிய பள்ளத்தை மூடுவது யார்? மூன்றாவதை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. "ஜோவிதா டீச்சர ஏன் அனுப்ச்சாங்க?"

மூன்று பேர் வரவில்லை. ஐம்பத்தெட்டு ஓட்டு. பள்ளம் பன்னிரண்டு. கதவு பதினேழு. நீங்கள் இருபத்தொன்பது.

சிரித்துவிட்டேன் அக்கா. பிறகு பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மனுவில் மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் செல்வி ஜோவிதா எந்தக் காரணத்தால் மாற்றப்பட்டார்? அந்த முடிவை எடுத்தவர் யார்? அவர் திரும்பி வருவாரா? கையெழுத்து நிகத் போட்டிருக்கிறாள். விலாசம் பள்ளிக்கூடம். ஹெச்.எம். தோத்தாத்ரி சாரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "இது வேணுமாம்மா?" என்றார். பாடம் சார் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த திங்கள் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போகிறது. உங்களுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று முன்னதாகவே எழுதுகிறேன்.

உங்கள்
ஜெய்னப்


செய்யூர்
9.11.2006

ஜெய்னப்,

அவசரமாக எழுதுகிறேன். கேள்வியை மாற்று.

ஒரு ஆசிரியரின் இடமாற்றம் பொது விஷயம் அல்ல. தனி ஆளைப் பற்றியது. பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்க இது நல்ல சந்தர்ப்பம். கதவைக் கேட்கச் சொல். கதவு இல்லாமல் அந்தப் பெண்கள் மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். அதைவிட என் கதை முக்கியமா?

எனக்காகச் செய்.

ஜோவிதா


ராஜகீழ்ப்பாக்கம்
17.11.2006

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் திங்கள் காலை வந்தது. மனு திங்கள் மதியம் போனது. மறைக்க விரும்பவில்லை. கையில் உங்கள் கடிதம் இருக்கும்போதேதான் தபாலாபீஸ் வரிசையில் நின்றேன்.

மாற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நிகத் பசை தடவி ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நாக்கை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு. அவர்கள் போட்ட ஓட்டை எனக்கு வேண்டியவர் சொன்னார் என்பதற்காக நான் ரத்து செய்தால், அது எத்தனையாவது பாடம் அக்கா?

கதவுக்கு இரண்டாவது மனு எழுதிவிட்டோம். அதுவும் போய்விட்டது. நீங்கள் சொன்னது சரி.

உங்கள் கடிதத்தில் நலம் விசாரிப்பு இல்லை. ரூக்சார் பெயரும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

துஆவுடன்,
ஜெய்னப்


செய்யூர்
26.11.2006

அன்பு ஜெய்னப்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐந்து நாளாக மழை. பள்ளிக்கு விடுமுறை. ஆஸ்டின் கொடுத்த வாளி ஒழுகும் இடத்தில் நிற்கிறது. அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். இது நாலாவது.

ரூக்சார் எப்படி இருக்கிறாள்? என்னைக் குறிக்க இரண்டு விரலை வளைத்துக் கண்ணில் வைப்பாளே, கண்ணாடி மாதிரி, இன்னும் செய்கிறாளா?

ஒன்று கேட்கிறேன். பதில் உறை வந்தால் நீ முதலில் பிரித்துப் பார். தனியாக. என் விதியை நானே மீறச் சொல்கிறேன் என்று தெரிகிறது. காரணம் கேட்காதே.

ஜோவிதா


ராஜகீழ்ப்பாக்கம்
15.12.2006

செல்வி ஜோவிதா அவர்களுக்கு,

பதில் நேற்று வந்தது. விதியை நான் மீறவில்லை. உறையை நிகத் பிரித்தாள். பெஞ்சு மேல் ஏறி நின்று வாசித்தாள்.

நீங்களும் படிக்க வேண்டும் அல்லவா? முதல் கேள்விக்கு விடை: "மேற்படி ஆசிரியர் தமது 21.8.2006 நாளிட்ட விருப்பக் கடிதத்தின்படி, பணியில் இளையவரான திருமதி ஜெய்னப் என்பவருக்குப் பதிலாகத் தாமே முன்வந்து மாறுதல் பெற்றார்." இரண்டாவதற்கு: "முதல் கேள்விக்கான விடையைக் காண்க." மூன்றாவதற்கு: "எதிர்காலம் பற்றிய வினா தகவல் ஆகாது."

கடித நகலையும் இணைத்திருந்தார்கள். உங்கள் கையெழுத்தை அறுபத்தொரு பேருக்கும் தெரியும்.

"டீச்சர், இதுல உங்க பேரு வருது," என்றாள் நிகத்.

கிட்டுதான் கேட்டான். "அப்போ அவங்களாவே போனாங்களா? எங்களாண்ட கவர்மென்டு அனுப்புதுன்னாங்களே. அழுதாங்களே டீச்சர்." யாரோ பின்னாலிருந்து, "ஆக்டிங்கு," என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

தோத்தாத்ரி சாரிடம் போனேன். "வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கம்மா," என்றார். விடுப்பு எடுத்தால் பழைய வருஷங்கள் கழியும் என்று எந்த விதியிலும் இல்லையாம். அவர் மேஜை மேலேயே அந்த விதிப் புத்தகம் இருக்கிறது.

ஒருவரைப் பாதிக்கிற முடிவை எடுக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும். நம் ஏழாவது பாடம். இடது பக்கம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, அடிக்கோடு போட்டு. என்னை ஏன் கேட்கவில்லை?

கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்பீர்கள். மறுத்திருக்கலாம். மறுப்பது என் உரிமை. ஜலாலும் நானும் ஏதாவது வழி யோசித்திருப்போம். யோசிக்கிற வேலையைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

மூன்று மாதமாக உங்கள் ஆடுகிற நாற்காலியைப் பார்த்து உங்களுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே உட்கார்ந்து எனக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

வகுப்பு தன் கேள்விகளை இப்போது உங்களிடமே கேட்கிறது. நிகத் எழுதியது இதோடு இருக்கிறது. ஏன் போனீர்கள்? ஏன் எங்களிடம் பொய் சொன்னீர்கள்? திரும்பி வருவீர்களா? முப்பது நாள்.

அ. ஜெய்னப்
பட்டதாரி ஆசிரியை


செய்யூர்
2.1.2007

எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கும், அவர்கள் ஆசிரியைக்கும்,

கிறிஸ்துமஸுக்கு மாடம்பாக்கம் வந்திருந்தேன். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் பஸ் நின்றது. இறங்கவில்லை. இதுவும் தகவல்தான், கேட்காவிட்டாலும்.

கேள்வி ஒன்று. ஏன் போனேன்?

உங்கள் டீச்சர் தினமும் நாலரை மணிக்கு ஒரு இடத்தில் இருக்க வேண்டும். செய்யூரிலிருந்து அது முடியாது. எனக்கு நாலரை மணிக்கு எங்கும் இருக்க வேண்டியதில்லை. இது பாதிக் காரணம்.

மீதிப் பாதி. ஜூலையில் ஒரு நாள் ஜெய்னப் டீச்சர் பலகையில் கிராம சபையை வரைந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒரு பெண் மட்டும் எழுந்து நிற்பாள். நினைவிருக்கிறதா? பாடம் நான் எழுதியது. ஆனால் இடைவேளையிலும் நீங்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் படத்தை. சாயங்காலம் நான் அதை அழித்தேன். வாட்ச்மேன் அழித்துவிட்டார் என்று சொன்னேன். வாட்ச்மேனுக்குத் திட்டு விழுந்தது.

பதினோரு வருஷத்தில் என் வகுப்பை இடைவேளையில் யாரும் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. பாடம் எழுத எனக்கு வரும். நடத்த அவருக்கு வரும். பக்கத்து அறையிலிருந்து உங்கள் சத்தம் கேட்கும். நல்ல சத்தம். எனக்கு அது தாங்கவில்லை.

அவருக்காகப் போனேன் என்றால் பொய். அவரிடமிருந்து போனேன் என்றாலும் பொய். இரண்டையும் ஒரே விருப்பக் கடிதத்தில் எழுத முடிந்தது. அதில் காரணத்துக்கு ஒரு வரிதான் இடம்.

கேள்வி இரண்டு. ஏன் பொய்?

நானாகப் போகிறேன் என்றால் நீங்கள் காரணம் கேட்பீர்கள். அரசாங்கம் அனுப்புகிறது என்றால் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். பதினோரு வருஷம் நான் நடத்திய பாடத்துக்கு நானே போட்ட மதிப்பெண் அது. நீங்கள் திருத்திவிட்டீர்கள்.

அழுதது நடிப்பல்ல.

உங்கள் டீச்சரிடம் சொன்ன பொய்க்குக் காரணம் வேறு. அவர் மறுப்பார் என்று பயப்படவில்லை. நன்றி சொல்வார் என்று பயந்தேன். பலகையை அழித்த கைக்கு அது ஆகாது.

கேள்வி மூன்று. திரும்பி வருவேனா?

தெரியாது. இங்கே வலது பக்கத்தையும் நானே எழுதுகிறேன். வகுப்பு மோசமாகத்தான் போகிறது. போன வாரம் ஒரு பையன் கொட்டாவி விடாமல் முழுப் பாடமும் கேட்டான். பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ம. ஜோவிதா


ராஜகீழ்ப்பாக்கம்
11.1.2007

அன்புள்ள அக்கா,

உங்கள் பதிலையும் நிகத்தான் பிரித்தாள். முழுவதும் வாசித்தாள். பலகையை அழித்த இடம் வரும்போது குரல் குறைந்தது. நிறுத்தவில்லை.

"அய்ய, டீச்சருக்கே பொறாமையா!" என்றான் கிட்டு.

"ஏன், டீச்சர்னா ஆளு இல்லியா?" என்றாள் நிகத். "நீ மட்டும் இன்னா? என் மேப்ப கிய்ச்சது யாரு?"

அவன் உட்கார்ந்தான். இந்த வருஷம் அவன் உட்கார்ந்தது இத்தோடு எத்தனை தடவை என்று எனக்குத் தெரியவில்லை. வாட்ச்மேனிடம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு விஷயமே நினைவில்லை. உங்கள் சார்பில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

என்னிடமும் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. யாரும் கேட்கவில்லை, சொல்கிறேன்.

படத்தை அழித்தது நீங்கள் என்று அன்றைக்கே தெரியும். உங்கள் புடவைத் தலைப்பில் பச்சை சாக்பீஸ். நின்றிருந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் நான் பச்சை போட்டிருந்தேன். நீங்கள் வாட்ச்மேன் என்றீர்கள். நான் சரி என்றேன். அடுத்த நாள் வேறு படம் வரைந்தேன், கொஞ்சம் பெரிதாக. அது ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாவது. விடுப்பால் வருஷம் கழியும் என்று நீங்கள் சொன்ன நாளுக்கும் நீங்கள் போன நாளுக்கும் நடுவில் பதினெட்டு நாள். அந்த விதிப் புத்தகம் தோத்தாத்ரி சார் மேஜையில் என் கை எட்டும் தூரத்தில் இருந்தது. எதையும் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்று வகுப்பில் சொல்கிறவள் நான். புரட்டவில்லை. ஒருநாள் அட்டையைத் தொட்டேன். பிறகு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். நாலரை மணி.

உங்கள் பொய் எனக்குத் தேவைப்பட்டது அக்கா. அதனால்தான் போன மாதம் அவ்வளவு கோபம் வந்தது. வகுப்பில் என் பெயர் வாசிக்கப்பட்டபோது நான் அதிர்ச்சி அடையவில்லை. அகப்பட்டுக்கொண்டேன்.

இதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். மணி அடித்ததும் எழுந்து போனார்கள். போகும்போது கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி என் மேஜையில் பாதி கடித்த கொய்யாவை வைத்துவிட்டுப் போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டேன்.

நன்றி சொல்ல மாட்டேன். உங்களுக்கு அது ஆகாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இப்போது வராது. எப்போது வரும் என்பது எதிர்காலம் பற்றிய வினா.

வகுப்பின் முடிவு: முதல் இரண்டு விடைகளை ஏற்கிறார்கள். மூன்றாவது விடை முழுமையாக இல்லை என்று மேல்முறையீடு செய்கிறார்கள். ஓட்டு ஐம்பத்தொன்றுக்கு ஒன்பது. எதிராகப் போட்டவர்களில் நிகத்தும் ஒருத்தி. "பாவம், விட்ருங்களேன்," என்றாள். தோற்றாள். ஆனால் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள், தலைவி என்பதால்.

மேல்முறையீடு என்றால் விசாரணை உண்டு. பதில் சொன்னவர் நேரில் வர வேண்டும். 20ஆம் தேதி, சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு, காலை பத்து மணி. பெருங்களத்தூரில் இறங்குங்கள். பொங்கல் முடிந்து திரும்புகிற கூட்டத்தில் என்னைத் தேட வேண்டாம். ரூக்சாரைக் கூட்டி வருகிறேன். உங்களைத் தூரத்தில் பார்த்ததும் இரண்டு விரலையும் கண்ணில் வைத்துவிடுவாள். அவளைப் பாருங்கள், போதும்.

கழிப்பறைக்குக் கதவு வந்துவிட்டது. தாழ்ப்பாள் வரவில்லை. அதற்கு வேறு மனு.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பதினோராவது பாடம், விசாரணை நடத்துவது எப்படி. இந்த முறை இடது பக்கத்தை நான் எழுதினேன். எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. நாலு தடவை கிழித்தேன்.

வலது பக்கம் காலியாக இருக்கிறது. வகுப்பை நீங்கள் நடத்துங்கள். நான் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.

உங்கள்
ஜெய்னப்